கிடைத்த வண்டி வீட்டுக்கு வருமா?

மாவட்டச் செய்திப் பக்கத்தில் அந்தப் படம் அடிக்கடி வரும். ஆயுதப்படை மைதானத்திலோ ஸ்டேஷன் வாசலிலோ இருபது முப்பது பைக்குகள் வரிசையாக நிற்கும். நடுவில் எஸ்.பி., இருபுறமும் தனிப்படைக்காரர்கள், ஓரத்தில் முகத்தை மூடிய இரண்டு இளைஞர்கள். வாகனச் சோதனையில் சிக்கியவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பதில் சொன்னார்கள், தீவிர விசாரணையில் உண்மை வெளிவந்தது என்று கீழே நாலு வரி இருக்கும். ஊரையும் தேதியையும் மாற்றினால் எந்த வருஷத்துக்கும் பொருந்தும்.

அந்தப் படத்தில் தன் வண்டியைக் கண்டுபிடித்தவர் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். டேங்கில் இருக்கும் கீறல், மகள் ஒட்டிய ஸ்டிக்கர், எல்லாம் இருக்கிறது. 'எடுத்துட்டுப் போலாமா சார்?' என்று கேட்கிறார். 'கோர்ட்ல பெட்டிஷன் போட்டு எடுத்துக்கோங்க' என்று பதில் வருகிறது. தொலைந்த செல்போனை மேடை போட்டு, கையில் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவைக்கும் அதே காவல்துறைதான். ஆனால் திருட்டு வழக்கில் கைப்பற்றிய பைக் வழக்குச் சொத்து. கிடைத்த நிமிஷத்திலிருந்து அது சாட்சி. அதை விடுவிக்க நடுவர் உத்தரவு வேண்டும்.

பைக் திருட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பூட்டைப் பற்றியே எழுதுகிறார்கள். சைடு லாக் போடுங்கள், டிஸ்க் லாக் வாங்குங்கள், ஒளித்து வைத்த சுவிட்ச் ஒன்று மாட்டுங்கள். செய்ய வேண்டியவைதான். ஆனால் உரிமையாளர் நிஜமாகத் தோற்பது திருட்டு நடந்த இடத்தில் இல்லை. அதற்குப் பிறகு அவர் போகும் ஸ்டேஷன், கோர்ட், ஆர்.டி.ஓ. ஆபீஸ், இன்சூரன்ஸ் அலுவலகம் ஆகிய வாசல்களில்தான். ஒவ்வொரு இடத்திலும் கேட்கிற காகிதம் கையில் இல்லாததால் தோற்கிறார்.

எடுத்தவன் யார் என்பதில் இருக்கிறது

திருடு போன வண்டி திரும்பி வருமா என்பது அதை எடுத்தவன் யார் என்பதைப் பொறுத்தது. பதினேழு வயதுப் பையன் ஊர் சுற்ற எடுத்திருந்தால் நல்லகாலம். பெட்ரோல் தீர்ந்த இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவான், வண்டி ஏதாவது ஒரு மேம்பாலத்தடியில் பல நாள் நின்று யாராவது தகவல் சொல்லக் கிடைக்கும். செயின் பறிப்புக்காக எடுத்தவனும் வேலை முடிந்ததும் வண்டியைக் கைகழுவிவிடுவான். ஆனால் அதற்குள் உங்கள் பதிவு எண் ஏதோ ஒரு கேமராவில் விழுந்து, போலீஸ் முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான். 'வண்டி போனதே பழசு, போகட்டும்' என்று புகார் கொடுக்காமல் இருப்பவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

விற்பதற்காக எடுப்பவன் வேறு ஜாதி. ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகள் அவனுக்குப் பிடிக்கும். 1994-ல் வந்த வண்டி, இன்றைக்கும் தெருவுக்குத் தெரு ஓடுகிறது. அதன் பாகங்களுக்கு எந்த ஊரிலும் கிராக்கி உண்டு, கூட்டத்தில் கண்ணிலும் படாது. பல வருஷம் ஓடிய வண்டியில் சாவியும் தேய்ந்திருக்கும், லாக்கும் தேய்ந்திருக்கும். தேய்ந்த லாக்குக்குத் தேய்ந்த எந்தச் சாவியும் பொருந்தும். பொருந்தாவிட்டால் ஹேண்டிலை ஒரு பக்கமாகத் திருப்பி மிதித்தால் சைடு லாக் உடைகிறது, இக்னிஷன் வயரைப் பிடுங்கி நேரடியாக இணைத்தால் எஞ்சின் எழுகிறது. அரசு ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன், கல்யாண மண்டபம், டாஸ்மாக் வாசல் என்று அவனுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. வண்டியை நிறுத்தியவர் திரும்பி வர நேரமாகும் என்று உறுதியாகத் தெரிகிற இடங்கள் இவை.

அப்படிப் போன வண்டி ஒன்று பிரிக்கப்படும், இல்லை கிராமத்துப் பக்கம் போகும். சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் முறையாகப் பழைய வண்டி வாங்கிப் பிரிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் பிரித்துவிட்ட கார்புரேட்டருக்கும் சைலன்ஸருக்கும் முகவரி கிடையாது. பிரிந்த வண்டி திரும்பாது. முழுசாக விற்கப்படும் வண்டிக்குச் சொல்லும் கதையும் பழகியதுதான்: 'பைனான்ஸ்ல சீஸ் பண்ண வண்டிண்ணே, ஆர்.சி. அடுத்த மாசம் வந்துரும்.' ஐந்தாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் அடகு வைக்கப்படுவதும் உண்டு. வாங்கியவர் தெரிந்தே வாங்கியிருந்தால் அவர் மேலேயே வழக்கு வரும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு திருட்டுப் பொருளை வைத்திருப்பவருக்கும் மூன்று ஆண்டுவரை சிறை சொல்கிறது.

இந்த எந்த வகையிலும் சேராத ஒரு திருட்டு கோயம்புத்தூர் மாவட்டத்தில் நடந்தது. 2020 மே மாதம், முழு ஊரடங்கு. சூலூர் பக்கம் பள்ளப்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரின் பைக் காணாமல் போனது. கொரோனா பணியில் மூழ்கியிருந்த போலீசை எதிர்பார்க்காமல் அவரே அக்கம்பக்கத்து சிசிடிவி பதிவுகளைத் தேடி எடுத்தார். எடுத்தவர் பக்கத்து டீக்கடையில் வேலை பார்த்தவர் என்று தெரிந்தது. பஸ் இல்லை, ரயில் இல்லை. குடும்பத்தோடு சொந்த ஊரான மன்னார்குடிக்குப் போக வேறு வழி தெரியாமல் வண்டியை எடுத்திருந்தார். இரண்டு வாரம் கழித்துப் பார்சல் ஆபீஸிலிருந்து உரிமையாளருக்கு அழைப்பு: உங்கள் பெயருக்கு ஒரு பைக் வந்திருக்கிறது. போய்ப் பார்த்தால் அவருடைய வண்டியேதான். அனுப்பிய கட்டணத்தைப் பெறுகிறவர் செலுத்த வேண்டும் என்று எழுதியிருந்ததால் 1,400 ரூபாய் கட்டித் தன் வண்டியைத் தானே வாங்கிக்கொண்டு போனார். செய்தி நாடு முழுக்கச் சிரிப்போடு சுற்றியது. கோர்ட் வாசல் மிதிக்காமல் இரண்டே வாரத்தில் திருட்டு வண்டியை மீட்ட ஆள் தமிழ்நாட்டில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

சி.எஸ்.ஆர். போதாது

ஸ்டேஷனில் ரைட்டர் கேட்கும் முதல் கேள்வி பலருக்கு அவமானமாக இருக்கும்: 'டியூ பாக்கி இருக்கா?' அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தவணை கட்டாத வண்டியை பைனான்ஸ் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு போவதும், உரிமையாளர் திருட்டு என்று ஓடி வருவதும் அன்றாடம் நடப்பது. பாக்கி இருந்தால் முதலில் அங்கே விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

அடுத்து வருவது சி.எஸ்.ஆர். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது அது, அவ்வளவுதான். முதல் தகவல் அறிக்கை இல்லை. 'தேடிப் பார்ப்போம், கிடைக்கலேன்னா எஃப்.ஐ.ஆர். போடலாம்' என்பது நம் ஊர் நடைமுறை. குற்ற எண்ணிக்கை ஏறாமல் பார்த்துக்கொள்ளும் பழைய வித்தை இது என்று சொன்னால் எந்த இன்ஸ்பெக்டரும் கோபப்பட மாட்டார். ஆனால் பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம், வண்டி எந்த எல்லையில் போனது என்பது தடையில்லை. மின்னணு வழியாக அனுப்பினாலும் ஏற்கவேண்டும். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்லவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கேட்டுத்தான் வாங்கவேண்டும், தானாக வராது.

புகாரில் வண்டியின் மதிப்பை எழுதும்போது பலர் அடக்கமாகிவிடுகிறார்கள். 'பழைய வண்டி சார், நாலாயிரம் பெறும்.' வேண்டாம். ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட திருட்டை, முதல் தடவை செய்தவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைத் தண்டனையோடு முடிகிற சிறு குற்றமாகப் பாரதிய நியாய சன்ஹிதா பார்க்கிறது. சந்தை விலை என்னவோ அதை எழுதுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகலோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கும் ஒரு கடிதம் போகவேண்டும். பெயர் மாற்றத்துக்கு யாராவது அந்த வண்டியைக் கொண்டு வந்தால் பதிவேட்டிலேயே மாட்டிக்கொள்ள அதுதான் வழி. வரப்போகிற அபராதச் சலான்களை மறுக்கவும் பின்னால் அந்தத் தேதி உதவும்.

இரும்பில் எழுதிய பெயர்

பதிவு எண் பிளேட் என்பது இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிற தகடு. 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கும் புது வண்டிகளுக்கு ஹாலோகிராமும் லேசர் எண்ணும் கொண்ட உயர்பாதுகாப்புப் பிளேட் கட்டாயம். பழைய வண்டிகள் பெரும்பாலும் சாதாரணப் பிளேட்டில்தான் ஓடுகின்றன. திருடன் முதலில் கழற்றுவது அதைத்தான்.

வண்டியின் உண்மையான பெயர் ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்தில் குத்தியிருக்கிறது. பதினேழு எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் நம்பர். ஒன்றோடும் சுழியோடும் குழம்பிவிடக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வரவே வராது. முதல் மூன்றைப் பார்த்தே தயாரித்த நிறுவனத்தைச் சொல்லலாம்: ஹீரோவுக்கு எம்.பி.எல்., டி.வி.எஸ்ஸுக்கு எம்.டி.6, பஜாஜுக்கு எம்.டி.2. வண்டி கைமாறும்போது ஆர்.டி.ஓ. வாசலில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து பென்சிலைத் தேய்த்து, டேப் ஒட்டி உரிப்பாரே, அவர் எடுப்பது இந்த எண்ணின் அச்சைத்தான். எஞ்சினுக்குத் தனி எண் உண்டு.

தொழில் தெரிந்த திருடன் இதை அரத்தால் ராவி, வேறு எண் குத்துவான். சாலையில் நிறுத்தும் கான்ஸ்டபிளை ஏமாற்ற அது போதும். தடய அறிவியல் கூடத்தை ஏமாற்றப் போதாது. காரணம், எண்ணைச் சுத்தியலால் குத்தும்போது அழுந்துவது மேற்பரப்பு மட்டுமில்லை. அதற்கடியில் இருக்கும் உலோகத்தின் கட்டமைப்பும் நெரிந்துவிடுகிறது. மேலே ராவினாலும் கீழே அந்த நெரிசல் தங்கிவிடும். அந்த இடத்தை வழுவழுப்பாக மெருகேற்றி, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் செம்பு குளோரைடும் கலந்த கரைசலைப் பஞ்சில் தொட்டுத் தடவுவார்கள். நெரிந்த பகுதியை அமிலம் வேறு வேகத்தில் அரிக்கும். மெல்ல மெல்லப் பழைய எண் எழுந்து வரும். சில சமயம் கொஞ்ச நேரம்தான் நிற்கும், உடனே படம் எடுத்துவிட வேண்டும். ஃபிரேமின் எஃகுக்கு இந்தக் கரைசல். எஞ்சின் உறையின் அலுமினியத்துக்கு வேறு. ஆழமாக ராவிவிட்டாலோ வெல்டிங் வைத்துவிட்டாலோ இந்த வித்தையும் கைகொடுக்காமல் போகலாம்.

இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய எண்ணை எதோடு ஒப்பிடுவது? உங்கள் ஆர்.சி.யோடு. அந்த ஆர்.சி. எங்கே இருக்கிறது? நம்மில் பாதிப் பேருக்கு வண்டியின் சைடு பாக்ஸில், இன்சூரன்ஸ் காகிதத்தோடு சேர்ந்து, ரப்பர் பேண்டு போட்டு. வண்டியோடு அதுவும் போயாயிற்று. சோதனையின்போது டிஜிலாக்கரில் காட்டினால் செல்லும் என்று மத்திய அரசு விதியைத் திருத்தி 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய பிறகும் அசலைச் சுமந்துகொண்டு அலைவானேன்? திருடனுக்கு விற்பதற்கு வசதி செய்து கொடுப்பதைத் தவிர அதில் வேறு பயன் எனக்குத் தெரியவில்லை.

நடுவர் முன்னால்

வழக்குச் சொத்தாகிவிட்ட வண்டியை விசாரணை முடியும்வரை இடைக்காலமாகப் பெற்றுக்கொள்ள மனு போடவேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451, 457 பிரிவுகள். இப்போது புதிய சட்டத்தில் 497, 503. மனுவோடு அசல் ஆர்.சி., இன்சூரன்ஸ், அடையாளச் சான்று, எஃப்.ஐ.ஆர். நகல். போலீஸ் தரப்பில் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். உத்தரவு வந்தால் வண்டியின் மதிப்புக்குப் பிணைப்பத்திரம், ஒரு ஜாமீன்தாரர், நிறம் மாற்றமாட்டேன், விற்கமாட்டேன், கூப்பிட்டபோது கொண்டுவந்து நிறுத்துவேன் என்ற உறுதி. வக்கீல் ஃபீஸ் தனி. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம்.

இங்கே மிக அதிகமாகச் சிக்குகிறவர்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள். விற்றவரிடம் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் வெறும் கையெழுத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, பெயர் மாற்றாமலேயே பல வருஷம் ஓட்டுகிறார்கள். பணம் கொடுத்தது இவர், தவணை கட்டியது இவர், வண்டியைத் தொலைத்ததும் இவர். ஆனால் ஆர்.சி.யில் இருப்பவர் வேறொருவர். நீதிமன்றத்தின் கண்ணுக்கு உரிமையாளர் என்று முதலில் தெரிவது பதிவேட்டில் இருப்பவர்தான். அவரைத் தேடிப் பிடித்து, கெஞ்சி, கோர்ட்டுக்கு அழைத்து வருவதற்குள் வண்டி ஸ்டேஷன் வளாகத்தில் ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிடும்.

அந்த வளாகங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் ஒரு மூலையில் கொடி படர்ந்த பைக் குவியல் இருக்கும். கைப்பற்றிய வாகனங்களை நீண்ட காலம் ஸ்டேஷனில் போட்டுவைப்பதில் பயனில்லை, பஞ்சநாமா எழுதி, படம் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு விடுவியுங்கள் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2002-ல். 2010-ல் பொதுக் காப்பீட்டு மன்றத்தின் வழக்கில் அதையே மறுபடியும் வலியுறுத்தியது. புதிய சட்டத்தின் 497-வது பிரிவு காலக்கெடுவையே எழுதிவிட்டது: சொத்து நீதிமன்றத்தின் முன் வந்த 14 நாளுக்குள் அதன் விவரப் பட்டியலைத் தயாரிக்கவேண்டும், படமும் வீடியோவும் எடுக்கவேண்டும், அதிலிருந்து 30 நாளுக்குள் அதை என்ன செய்வதென்று உத்தரவிட வேண்டும். அந்தப் படமே விசாரணையில் சாட்சியமாகச் செல்லும். ஆக, வண்டியைக் கட்டிப்போட்டு வைக்கச் சட்டக் காரணம் இப்போது அநேகமாக இல்லை. மனுவில் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்கும் வக்கீலைப் பிடிப்பது உங்கள் பொறுப்பு.

திருட்டை மூடாத இன்சூரன்ஸ்

வண்டி கிடைக்கவே இல்லை என்றால் மிச்சமிருப்பது காப்பீடு. இதில்தான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புது பைக் வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பது கட்டாயம். 'அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு' என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் அது நீங்கள் இடித்த ஆளுக்கான காப்பீடு. உங்கள் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்கும் சொந்த சேதக் காப்பீடு வேண்டும், பல பாலிசிகளில் அது முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். புதுப்பிக்காவிட்டால் இரண்டாம் வருஷத்தில் திருடு போன வண்டிக்குச் சல்லிக்காசு வராது. அந்தக் காப்பீட்டை மட்டும் தனியாக வாங்கும் வசதி 2019 செப்டம்பரிலிருந்து இருக்கிறது.

கிடைக்கும் தொகையும் நீங்கள் கொடுத்த விலை இல்லை. ஐ.டி.வி., அதாவது பாலிசியில் அறிவித்த வண்டி மதிப்பு, என்ற கணக்கில் ஒரு வருஷம் தாண்டிய வண்டிக்கு 20 சதவீதமும், இரண்டு தாண்டினால் 30-ம், மூன்று தாண்டினால் 40-ம், நான்கு தாண்டினால் 50-ம் கழியும். கடன் பாக்கி இருந்தால் தொகை முதலில் பைனான்ஸுக்குப் போகும். வண்டி போனாலும் தவணை நிற்காது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நிறுவனம் கேட்பவை: எஃப்.ஐ.ஆர்., கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸின் சான்று, ஆர்.சி., அதோடு இரண்டு சாவிகள். இரண்டு என்பதைக் கவனிக்கவும். ஒரு சாவி இல்லையென்றால் வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனீர்களா என்ற சந்தேகம் வரும்.

அப்படியே விட்டிருந்தாலும் முழுதாக மறுத்துவிட முடியாது. லாரியில் சாவியை விட்டுச் சென்ற ஓட்டுநர் தொடர்பான அசோக் குமார் வழக்கில், 2023-ல், உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் தரச் சொன்னது. நிறுவனத்துக்குத் தாமதமாகத் தகவல் சொன்னதாகக் காரணம் காட்டுவதும் செல்லாது; திருட்டு நடந்ததும் எஃப்.ஐ.ஆர். பதிந்திருந்தால் அதுவே உண்மையான திருட்டு என்பதற்கு ஆதாரம் என்று 2020-ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் தீர்த்துவிட்டார்கள். சி.எஸ்.ஆரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தவருக்கு இந்தத் தீர்ப்பு உதவாது.

பணம் வாங்கிய பிறகு வண்டி கிடைத்தால்? அது இன்சூரன்ஸ் நிறுவனத்துடையது. ஆசைப்பட்ட வண்டியாக இருந்தால் அவர்களிடம் பேசி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏலப் பட்டியல்

யாரும் உரிமை கோராத வண்டிகளுக்கு நடுவர் பொது அறிவிப்பு வெளியிடுவார். ஆறு மாதத்துக்குள் உரிமையாளர் வரவில்லையென்றால் அவை ஏலத்துக்குப் போகும். மாவட்டக் காவல் அலுவலகங்கள் அவ்வப்போது வெளியிடும் ஏல அறிவிப்புகளை வாங்க வருகிறவர்கள் தவிர யாரும் படிப்பதில்லை. வண்டியைப் பறிகொடுத்தவர்கள்தான் படிக்கவேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்திலும் எண்ணைக் கொடுத்துத் தேடிப் பார்க்கலாம். நாகப்பட்டினத்தில் போன வண்டி நாமக்கல்லில் நிற்கும். இரண்டு ஸ்டேஷன்களுக்கும் ஒன்றையொன்று தெரியாது.

ஏலப் பட்டியலில் பல வரிகளில் பதிவு எண் இருக்க வேண்டிய கட்டத்தில் வெறும் கோடுதான் இருக்கும். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் மட்டும் அச்சாகியிருக்கும். ஏலத் தேதிக்கு முன்பு உரிய ஆவணத்தோடு வந்தால் உரிமை கோரலாம் என்று அறிவிப்பின் அடியில் ஒரு வரி வரும். ஏலம் முடிந்து பணம் அரசுக் கணக்கில் சேர்ந்த பிறகு, ஏலத்தில் எடுத்தவர் ஏல உத்தரவைக் காட்டித் தன் பெயரில் பதிவு செய்துகொள்வார்.